வாடைக்கும் ஏசிக்கும் நடுவில் ஒரு முயல் பெட்டி

பெட்டி இப்போது கட்டிலின் கால்மாட்டில் இருக்கிறது. நீளம் 26 அங்குலம், அகலம் 16, உயரம் 14. இரண்டு வாசல், தூக்கி எடுக்கிற மாதிரி மூடி, நிலத்தில் படாமல் 2 அங்குலம் உயர்ந்த அடித்தட்டு. மாமாவும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்து செய்தோம். அதற்கு முன் நான் செய்து பார்த்துக் கைவிட்டவற்றையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல். எங்கே பிழைத்தது, எது சரிவந்தது என்று எழுதி வைக்கிறேன். கொழும்பில் முயல் வளர்க்கிற வேறு யாருக்காவது உதவும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பஞ்சு, மிளகு என்று இரண்டு முயல்கள். பஞ்சு ஆண், மிளகு பெண். இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் படுக்கும். ஆளுக்கு இரண்டு கிலோ இருக்கும்.

“கொழும்பில என்ன குளிர் பிள்ளை?” என்று அம்மாவே கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே தை மாத விடியற்காலையில் கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முயலுக்கோ 15 முதல் 21 பாகை வரை மிக வசதியான சூடு. அதற்கு உண்மையான எதிரி வெக்கைதான். 28ஐத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கிவிடும். முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துச் சூட்டை இறக்கவும் சரியாக வராது. காதில் ஓடுகிற இரத்தக் குழாய்களை விரித்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடும். அதனால்தான் சித்திரை வெயிலில் இரண்டையும் விறாந்தையிலிருந்து தூக்கி ஏசி அறைக்குள் கொண்டுவந்தேன். மாற்றியது சரி. அறைக்குள் எந்த மூலையில் வைக்கிறேன் என்று யோசிக்காததுதான் பிழை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு நாள் காலை. வழக்கமாக நான் கதவைத் திறக்கிற சத்தத்துக்கே மிளகு கம்பியில் முன்கால் வைத்து எழும்பி நிற்பாள். அன்று மூலையில் உருண்டையாகக் கூனிக்கொண்டு இருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. கொத்தமல்லித் தண்டை மூக்கடியில் நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டில் இரவு போட்ட புழுக்கை வழக்கத்தில் பாதி கூட இல்லை. கையை உள்ளே விட்டபோதுதான் தெரிந்தது, அடியில் போட்டிருந்த புல் சொதசொதவென்று நனைந்திருந்தது. மேலே பார்த்தால் ஏசியின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. அதன் காற்றும் நேரே கூட்டின் மீதுதான் அடிக்கிறது. இரவு முழுக்க அவள் நனைந்த முதுகோடு அந்தக் காற்றில் இருந்திருக்கிறாள்.

துவாயில் சுற்றி ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். உடம்புச் சூடு 37.2. முயலுக்கு 38.5க்கும் 40க்கும் இடையில் இருக்கவேண்டும். குடல் அசைவு மந்தமாகிவிட்டது என்றார். முயலின் வயிறு நிற்காமல் ஓடவேண்டிய யந்திரம். அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, வலிக்கும் குடலுக்கும் மருந்து கொடுத்து, மெதுமெதுவாகச் சூடேற்றினார்கள். ஒரேயடியாகச் சூடுபடுத்தக் கூடாதாம். அன்று பின்னேரம் வைத்தியர் சொன்னதுதான் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை: “அறை 20 பாகையில இருக்கிறது முயலுக்குப் பெரிய விஷயமே இல்லை. நனைஞ்ச உடம்பில காத்து அடிச்சதுதான் இதுக்குக் காரணம்.”

கேட்டதும் எனக்கு 2022 மார்கழி நினைவுக்கு வந்தது. மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. பனி பெய்யவில்லை, உறைகுளிரும் இல்லை. மழையில் நனைந்த உடம்பு, விடாமல் அடித்த காற்று, ஒதுங்க இடமில்லை. அவ்வளவுதான். வெப்பமானியில் தெரிகிற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் இது பிடிபடாது.

மிளகு மூன்றாம் நாள்தான் தானாகப் புல் கடித்தாள். முதல் புழுக்கை பயறு அளவில், காய்ந்து, நாலைந்துதான். அதைப் பார்த்து அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

முதலில் ஏசி. தண்ணீர் வடிகிற குழாயில் பாசி மாதிரி வழுவழுப்பாக அழுக்கு அடைத்து, அடித்தட்டில் நிரம்பிய தண்ணீர் முன்பக்கமாக வழிந்திருக்கிறது. திருத்த வந்த தம்பி குழாயின் வெளி முனையில் உறிஞ்சும் பம்பை வைத்து ஒரே இழுவையில் எடுத்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொன்னார். இப்போது நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். 20இல் ஓடிய ஏசியை 25க்கு ஏற்றினேன். காற்றின் திசை மாற்றும் தகடுகளை மேல்நோக்கித் திருப்பினேன். முயல்களை எதிர்ச்சுவர்ப் பக்கம் கொண்டுபோனேன்.

அங்கே இன்னொரு பிரச்சினை. எங்கள் அறைக்கு இரண்டு யன்னல். மேற்கு யன்னல் கடற்பக்கம். வைகாசிக்குப் பிறகு சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் உப்புச் சாரலே உள்ளே வரும். கிழக்கு யன்னல் காலி வீதிப் பக்கம். மார்கழி, தையில் வாடை அதன் வழியாகத்தான் நுழையும். எதிர்ச்சுவர் என்று நான் பிடித்த இடம் அந்தக் கிழக்கு யன்னலுக்கு நேர்கீழே. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, முயல்களை வெளியே விட்டுவிட்டு, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறை முழுக்கப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புகை எங்கே நேராக மேலே போகிறது, எங்கே சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தால் காற்றின் பாதை அப்படியே தெரியும். ஆள் நிற்கிற உயரத்தில் காற்றே இல்லை என்று தோன்றுகிற இடத்தில், முயல் இருக்கிற உயரத்தில் புகை படுத்து ஓடுகிறது! கதவுக்கடி இடைவெளிதான் காரணம். நேராகப் புகை எழும்பியது கட்டிலின் கால்மாட்டில் மட்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான். முயல் வைத்திருக்கிற எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

இடம் கிடைத்தது. அப்புறம் வந்த ஆசையில் நான் செய்தது இரண்டும் பிழை.

ஒன்று, சாக்கு. சுத்தமான அரிசிச் சணல் சாக்கை நாலாக மடித்து விரித்தேன். இரண்டாம் நாள் பஞ்சுவின் நகத்தில் சணல் நூல் சிக்கி, இழுக்க இழுக்க விரலைச் சுற்றி இறுகியிருந்தது. நல்ல வேளை, சத்தம் கேட்டு ஓடிவந்து வெட்டிவிட்டேன். ஓரத்தை வேறு கடித்துத் தின்றிருந்தான். நூல் வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கும். மிளகுக்கு நடந்ததற்குப் பிறகு அந்த நினைப்பே பயமாக இருந்தது. சாக்கு அன்றே குப்பைக்குப் போனது.

மற்றது, சுடுதண்ணீர்ப் பை. றப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துவாயால் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தேன். மிளகு ஒருதரம் முகர்ந்துவிட்டுக் கூட்டின் மறு கோடிக்குப் போய், வெறும் மாபிளில் வயிற்றை ஒட்டி நீட்டிப் படுத்தாள். காதைத் தொட்டால் கொதித்தது. அவளுக்குச் சூடு தேவைப்படவில்லை. அவள் உடம்பே ஓர் அடுப்பு. தின்ற புல் குடலில் நொதிக்கும்போது வெளிவருகிற சூடு சிறிதல்ல. குளிர் நாளில் தானியம் கூட்டுவதைவிட நல்ல காய்ந்த புல்லைத் தாராளமாக வைப்பது அதனால்தான் பலன் தரும். அந்தச் சூடு காற்றிலும் ஈரத்திலும் பறிபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். போதாக்குறைக்கு, மறுநாள் காலை றப்பர்ப் பையின் கழுத்தில் பல் தடம். வெந்நீர் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! கோழிக்குஞ்சுக்குச் செய்கிற மாதிரி பல்ப் தொங்கவிடலாம் என்று ஒருவர் சொன்னார். முயல் இருக்கிற இடத்தில் வயர் தொங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடிக்காத முயல் என்று ஒன்று கிடையாது.

காட்டில் ஓடுவது, வீட்டில் வளர்வது என்ற இரண்டு வேறு மிருகத்துக்கும் தமிழில் முயல் என்ற ஒரே பெயர்தான். நம் காடுகளில் ஓடுகிற, பிடரி கறுத்த முயல் குழி தோண்டாது. புல்லுக்குள் உடம்பை அழுத்தி ஒரு பள்ளம் செய்து, அதில் பதுங்கிக் கிடக்கும். வீட்டில் வளர்க்கிற முயலின் பரம்பரை வேறு. அது ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்திலிருந்து வந்தது. மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி, கூட்டமாக அதற்குள் வாழ்கிற இனம். வெளியே வெயிலோ குளிரோ, மண்ணுக்கடியில் சூடு பெரிதாக மாறாது. காற்றும் இல்லை. ஆகவே அதற்குத் தேவை அடுப்பல்ல, வளை. இது மனதில் பட்ட பிறகுதான் பெட்டியின் உருவமே எனக்குப் பிடிபட்டது.

அம்மா உடனே பரணிலிருந்த தேயிலைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். தாத்தா காலத்துப் பெட்டி, பித்தளைப் பாத்திரம் போட்டு வைத்திருந்தது. அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. ஆனால் உள்ளே ஈயக்கடதாசி ஒட்டியிருந்தது. நாம் பேச்சில் எந்த மினுக்கத் தாளையும் ஈயக்கடதாசி என்றுதான் சொல்கிறோம். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிகளுக்கு உண்மையாகவே ஈயத் தகடு ஒட்டிய வழக்கம் இருந்தது, அலுமினியம் பிறகு வந்தது. ஈயத்தை நக்கியோ பழைய பெயின்ரைச் சுரண்டித் தின்றோ முயல்கள் நஞ்சேறி விழுவதுண்டு. வெளி விளிம்பிலோ தகரப் பட்டி, கூர் ஆணிகள். உரித்துத் திருத்தலாம் என்று மாமா சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பித்தளைப் பாத்திரங்கள் திரும்பவும் அதற்குள்ளேயே போயின.

மாமா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். முப்பது வருடம் தச்சு வேலை செய்தவர். பலகைக்கு, சாமான் ஏற்றி வருகிற மரத் தட்டுகளை வாங்கி உடைக்கலாம் என்றார். அதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. நாடு விட்டு நாடு போகிற மரத் தட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் HT (எச்.டி.) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம். MB (எம்.பி.) என்று இருந்தால் மீதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது. எச்.டி. தட்டுகளாகத் தேடி எடுத்தோம். எண்ணெய்க் கறை பட்டவை, மணம் வருகிறவை எல்லாவற்றையும் ஒதுக்கினோம். ஒட்டுப்பலகையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடுக்குக்கு அடுக்கு பசை, முயல் அதன் ஓரத்திலிருந்துதான் கடிக்கத் தொடங்கும். ஸ்குரூ ஆணியும் சாண்ட் பேப்பரும் பழைய சோனகத் தெருவில் வாங்கினேன்.

முதல் ஞாயிறு தட்டுகளை உடைப்பதிலேயே போனது. பழைய ஆணி ஒன்று கூட மிஞ்சக் கூடாது என்று மாமா ஒவ்வொரு பலகையிலும் காந்தத்தை ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் ஞாயிறு அறுத்துப் பொருத்தினோம். அப்போதுதான் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். நான் ஒரு வாசல் போதும், மற்றதெல்லாம் இறுக்கமாக அடைத்தால்தான் காற்று வராது என்று நின்றேன்.

“பிள்ளை, நீ பிரிட்ஜ் செய்யேல்லை. உள்ளுக்கு ரெண்டு சீவன் மூச்சு விடுது, மூத்திரம் பெய்யுது. அடைச்சு வச்சா புழுங்கி, சுவரெல்லாம் வேர்த்துப் போகும். உனக்கு ஈரந்தானே பயம்?”

அவர் சொன்னது சரி. மூத்திரத்திலிருந்து எழும்புகிற அமோனியா முயலின் மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும். மூடிய பெட்டியில் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அதனால் மூடிக்குக் கீழே, முயலின் தலைக்கு மேலே வருகிற உயரத்தில், விரல் பருமனுக்கு எட்டுத் துளை போட்டோம். ஈரக்காற்று மேலால் போய்விடும், படுத்திருக்கிற முதுகில் காற்றுப் படாது. வாசலும் இரண்டு வைத்தோம், ஒவ்வொன்றும் 6 அங்குல அகலம், 7 அங்குல உயரம். ஒரு வழி மட்டும் உள்ள இடத்தில் முயல் நிம்மதியாகப் படுக்காது. ஒன்று வாசலை மறித்துக்கொண்டால் மற்றது உள்ளே மாட்டிக்கொள்ளும். காற்று ஊடுருவிப் போகாமல் இருக்க, இரண்டு வாசலையும் நீளப்பக்கச் சுவர் ஒன்றிலேயே, இரு கோடியிலும் வைத்தோம். எதிர்ச்சுவர் முழுக்க மூடியது. இரண்டு வாசலுக்கும் நடுவில் உள்ளே நிற்கிற குறுக்குப் பலகை பாதி அகலம்தான். அதன் பின்னால் போய் ஒடுங்கினால் எந்தப் பக்கமிருந்தும் காற்றுப் படாது. அந்த ஒடுக்கம்தான் வளையின் அடிமுனை.

அடித்தட்டை உயர்த்தியது மாபிளுக்காக. ஏசி ஓடும் அறையில் மாபிள் நிலம் குளிர்ந்து கிடக்கும், மழை நாளில் வேர்க்கவும் செய்யும். 2 அங்குலச் சட்டம் இரண்டு கொடுத்ததும் கீழால் காற்றுப் போய்ப் பலகை காய்ந்தே இருக்கிறது. எல்லா ஸ்குரூவையும் வெளியிலிருந்து முடுக்கினோம். முனை எதுவும் உள்ளே நீட்டாதபடி மாமா ஒவ்வொன்றாக நீளம் பார்த்துத் தெரிந்தெடுத்தார். பசை, வார்னிஷ், பெயின்ற் எதுவும் இல்லை. வாசல் விளிம்புகளை மட்டும் அரை மணி நேரம் தேய்த்தேன், புறங்கையை ஓட்டினால் சிராய் குத்தாத அளவுக்கு.

உள்ளே முதலில் பேப்பர் நாலைந்து தாள், அதன் மேல் நாலு அங்குலத்துக்குக் காய்ந்த புல். வாங்குகிற திமோத்தி புல் விலை அதிகம்; அதைத் தின்னக் கொடுக்கிறேன். படுக்கைக்கு, மாமா வீட்டுப் பக்கத்துக் கினிப்புல்லை மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் காய வைத்து எடுத்தது. கையில் எடுத்து முறுக்கினால் முறியவேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். மரத்தூளைப் பற்றியும் கேட்பார்கள். பைன், சீடர் மாதிரி வாசனை மரங்களின் தூள் முயலின் ஈரலுக்குக் கேடு, ஆகவே தச்சுப் பட்டறையில் கிடைக்கிற கலப்புத் தூளை நான் தொடவில்லை.

முதல் இரவு இரண்டும் உள்ளே போகவே இல்லை. மூடியின் மேல் ஏறி நின்று பார்த்தன. நான் அவற்றைப் பிடித்து உள்ளே விடவில்லை. முயலைத் தள்ளி விட்ட இடம் அதற்குப் பொறியாகிவிடும். பழைய கூட்டில் இருந்த புல்லில் கொஞ்சம் எடுத்து உள்ளே போட்டேன், அவற்றின் மணம் இருக்கட்டும் என்று. மூன்றாம் இரவு ஒரு மணிக்கு விழித்தபோது பல்லால் புல் அறுக்கிற சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. டார்ச் அடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது, அடிக்கவில்லை. காலையில் பார்த்தால் குறுக்குப் பலகைக்குப் பின்னால் புல்லைச் சுழற்றி ஒரு கிண்ணம் மாதிரிப் பள்ளம் செய்திருந்தார்கள். அதில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ந்தும் இருந்தது.

இப்போது தினமும் காலையில் ஒரு நிமிடம்: பேப்பரில் ஈரம் இருக்கிறதா, தட்டில் புழுக்கை வழக்கமான அளவிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறதா, தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு இறங்கியிருக்கிறது. உறிஞ்சுகிற போத்தலை விட அகலக் கிண்ணத்தில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கிறார்கள். காது குளிர்ந்திருந்தால் அதற்காக மட்டும் பதறுவதில்லை. அது சூட்டைச் சேமிக்கக் குழாயைச் சுருக்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். குளிர்ந்த காதோடு கூனல், சாப்பாட்டை மறுத்தல், பல்லை நறநறவென்று கடித்தல், இவற்றில் ஏதாவது சேர்ந்தால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

உண்மையான குளிரில் பெட்டியைப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் தையில் வந்தது. நுவரெலியாவில் பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் நின்றோம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை, மாசியில் புல்நுனியில் உறைபனி விழுகிற ஊர். கொழும்புச் சூட்டில் வளர்ந்த முயலுக்கு உரோமம் அவ்வளவு அடர்த்தியாக இருக்காது, திடீர் மாற்றம்தான் ஆபத்து. அதனால் வீட்டுக்குள்ளேயே, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வைத்தோம். புல்லை எட்டு அங்குலத்துக்குக் கூட்டினேன். வாசலில் ஒன்றை மட்டும் மட்டையால் பாதி மறைத்தேன். வெப்பமானி ஒன்றை அறையிலும், கம்பி வலைக்குள் இன்னொன்றைப் பெட்டியின் கூரைப் பக்கமும் வைத்தேன். விடிய ஐந்து மணிக்கு அறையில் 12 பாகை, பெட்டிக்குள் 17. எந்த அடுப்பும் இல்லை. இரண்டு முயலும் காய்ந்த புல்லும் மட்டும்.

பெரியம்மா தன் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “ஐயோ பாவம், போர்த்தி விடடி” என்றார். கையைப் பிடித்து வாசலுக்குள் விட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார். மிளகு உள்ளேயிருந்து அவர் விரலை நக்கியிருக்கிறாள்.

பெட்டிக்கு இப்போது இரண்டு வேலை பாக்கி. வலப்பக்க வாசலின் கீழ் விளிம்பைப் பஞ்சு அரை அங்குலம் அரைத்துத் தின்றுவிட்டான். மாமா அதே மரத்தில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறார். மற்றது, சோழகம் தொடங்கினால் சாரல் மேற்கிலிருந்து வரும். அப்போது புகை எங்கே நேராக எழும்புகிறது என்று மறுபடியும் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்துப் பெட்டியைத் திருப்ப வேண்டும். வைகாசிப் பக்கம் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.